ஐந்தாவது ஃபவுல்

...பின்பக்கத்தையும் படிப்பதா, முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்வதா, சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் அதை மட்டும் முடிவு செய்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும், படத்துக்கு மாலை போடுவார்கள், இரண்டு நிமிஷம் எழுந்து நிற்பார்கள், என் பெயரைச் சொல்வார்கள், நான் சட்டைப் பையிலிருந்து இந்தக் காகிதத்தை எடுப்பேன். முன்பக்கத்தில் பதினாலு வரி. நமது கிளப்பின் கோச்சும் முன்னாள் காப்டனுமான பக்கிரி அவர்கள்... ஒழுக்கம்... உழைப்பு... ஈடுசெய்ய முடியாத இழப்பு... பெயரை மாற்றினால் செத்துப்போன எந்த முனிசிபல் கவுன்சிலருக்கும் பொருந்தும். பின்பக்கத்தில் ஒரே வரி. 'அறுபத்தொன்றாம் வருஷம் மஞ்சக்குப்பம் ஃபைனலில் நடந்த அந்த ஐந்தாவது ஃபவுல் பக்கிரியுடையது அல்ல, என்னுடையது.' நேற்று ஆபீசில் சாப்பாட்டு வேளையில் எழுதினேன். எழுதியதும் பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் தயிர்சாதத்தில் மும்முரமாக இருந்தார். பார்த்திருந்தால்தான் என்ன புரிந்திருக்கும் அவருக்கு? ஏழு வருஷத்துக்கு முந்திய ஒரு விளையாட்டில் யார் கை யார் மேல் பட்டால் என்ன... ஆனால் அந்தக் கைதான் என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது, அது அவருக்குத் தெரியாது. எனக்கும் பக்கிரிக்கும்தான் தெரியும். பக்கிரி செத்துப் பதினேழு நாள் ஆகிறது. இனிமேல் எனக்கு மட்டும்தான்.

கடலூர் ஓ.டி. ஸ்டேஷனில் பாசஞ்சர் கிளம்பியபோது மணி ஒன்றே முக்கால், நாலு மணிக்கு பக்கிரி நினைவாக மேட்ச், நேரம் இருக்கிறது. ஜன்னலோரம் கிடைத்தது, அதனால் கரித்தூளும் கிடைத்தது. காமாலையாம். பதினோரு நாள் படுக்கையாம். சுப்புராயன் போட்ட கார்டு எனக்கு வந்து சேர்ந்தபோது எடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது, அதனால் போகவில்லை, அதனால்தானா?, தந்தி கொடுத்திருந்தால் போயிருப்பேனா?... போயிருப்பேன். வாசலில் நின்றிருப்பேன். அவன் பெண்டாட்டி ராசம்மா அண்ணி முகத்தைப் பார்க்காமல் திரும்பியிருப்பேன். முப்பத்தாறு வயசு சாகிற வயசா? என்னைவிட ஐந்து வயசு மூத்தவன், ஆனால் மச்சான் என்றுதான் கூப்பிடுவான், நான் மட்டும் ஊரோடு சேர்ந்து கோச்சு என்பேன். கோச் என்று அவனை யாரும் நியமிக்கவில்லை. மைதானத்தில் மார்க்கர் வேலை அவனுக்கு, அதாவது காலையில் புல் வெட்டி, சாயங்காலம் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, வலையைக் கட்டி, அவிழ்க்கிற வேலை. கோடு போட்டு முடித்ததும் அதே கோட்டுக்குள் இறங்கி எங்களை ஓட விடுவான். கூடைப்பந்தில் ஃபவுல் செய்தவன் உடனே கை தூக்க வேண்டும், ரூல் புத்தகத்திலேயே இருந்தது, மற்ற டீமில் பாதிப் பேர் கண்டுகொள்ள மாட்டார்கள், பக்கிரியிடம் அது நடக்காது. பழகுகிறபோது விசில் கிடையாது, ரெஃப்ரி கிடையாது, அவனவன் தப்புக்கு அவனவன் கை. "பட்டுதா படலியான்னு ரோசன பண்ணிட்டுத் தூக்குற கை எனக்கு வேணாம். பட்ட மாதிரி இருந்தா டக்குனு தூக்கு." தூக்காமல் மழுப்பியவனுக்குத் தண்டனை என்ன தெரியுமா, மறுநாள் கோடு அவன் போட வேண்டும். புதுக்கை போடுகிற கோடு எப்படி இருக்கும், பாம்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். வேடிக்கை பார்க்க வருகிற பெரியவர்கள்கூட வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்பார்கள், "இன்னிக்கு கோடு கோணலா கீதே, எவன்டா பொய்யன்?" அந்தக் கோட்டை நான் எத்தனை முறை போட்டேன்? இரண்டு. பரவாயில்லை. சுப்புராயன் போட்டது பதினாறு. கடைசியில் பக்கிரியே அவனைக் கூப்பிட்டு, "நீ ஆட வேணாம்டா, ஸ்கோர் எழுது, ஒனக்கு எழுத்து நேரா வருது" என்று மேஜையில் உட்கார வைத்துவிட்டான்.

அந்த ஃபைனலுக்கும் சுப்புராயன்தான் ஸ்கோர். ஆலப்பாக்கம் வருகிறது, போகிறது, சவுக்குத் தோப்பு, மறுபடி சவுக்குத் தோப்பு... அன்றைக்கு மைதானத்தின் ஓரத்தில் வேப்பமரத்தடியில் இரண்டு பேர் வெள்ளைப் பாண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மெட்ராஸ் கப்பல் கம்பெனிக்காரர்கள். கம்பெனி டீமுக்கு உயரமான ஆள் ஒருத்தன் வேண்டும், வேலையும் தருகிறார்கள், ஒருத்தனுக்குத்தான், அது பக்கிரியா, கலியபெருமாள் என்கிற நானா என்று பார்க்க வந்திருக்கிறார்கள்... இது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், காலையில் டீ குடிக்கும்போது அவனே சொன்னான், "ரெண்டு பேருல எவன் போனாலும் மத்தவனுக்கு பிரியாணி, சரியா மச்சான்?" அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். இருபத்தொன்பது வயசு. அதற்கு மேல் எந்தக் கம்பெனியும் ஆட்டக்காரனைத் தேடி வராது. எனக்கு இருபத்து நாலு. கடைசி நாலு நிமிஷம். கடலூர் டீம் ஒரு பாயிண்ட் முன்னால். எனக்கு நாலு ஃபவுல், அவனுக்கும் நாலு ஃபவுல், ஐந்தானால் யாராயிருந்தாலும் வெளியே போய் உட்கார வேண்டியதுதான். அவர்களுடைய ஒன்பதாம் நம்பர் பந்தோடு கூடைக்குக் கீழே எம்புகிறான், நான் இந்தப் பக்கம், பக்கிரி அந்தப் பக்கம், ஆறு கை ஒரே இடத்தில், என் விரலில் ஒரு மணிக்கட்டு பட்டது. பட்டது என்றால் நன்றாகப் பட்டது. அதில் கட்டியிருந்த கயிறுகூட விரல் நுனியில் தெரிந்தது, முடிச்சுப் போட்ட கயிறு, வியர்வையில் நனைந்த கயிறு, இன்றைக்கும் கண்ணை மூடினால் இந்த விரலில் தெரிகிறது. விசில். ரெஃப்ரிக்குத் தெரியவில்லை யார் என்று. அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம்? ஒரு விநாடி. ஒன்றரை விநாடி. என் கை இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது, தூக்கத்தான் போகிறேன், வேப்பமரத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான்... பக்கிரியின் கை மேலே இருந்தது. ரெஃப்ரி மேஜையைப் பார்த்து ஏழு விரல் காட்டினார். சுப்புராயன் எழுதினான். ஏழாம் நம்பர், ஐந்தாவது ஃபவுல், வெளியே. போகிறபோது பக்கிரி என் முதுகில் ஒன்று வைத்தான். "ஆடுடா." நான் ஆடினேன். மூன்று கூடை போட்டேன், மூன்று பாயிண்டில் ஜெயித்தோம், வெள்ளைப் பாண்ட் இரண்டும் எழுந்து வந்து என்னிடம்தான் பெயர் கேட்டன.

இதிலே கோபம் எங்கே வந்தது? ஆனால் ஊர் வாயில் வந்துவிட்டது. ரெஃப்ரி நாலாவது ஃபவுல் கொடுத்தபோது பக்கிரி முறைத்தானாம், அந்த ஆத்திரத்தில் அடுத்ததைப் போட்டுத் தாக்கினானாம், மெட்ராஸ் வேலையைக் கையாலேயே தட்டிவிட்டானாம். யார் முதலில் சொன்னது? தெரியாது. சொன்னார்கள், நான் மறுக்கவில்லை. ஒரு வருஷத்தில் அது பழமொழியாகிவிட்டது, பரீட்சை ஹாலில் வாத்தியாரோடு சண்டை போட்டு வெளியே வந்தவனைப் பார்த்து "பக்கிரி பவுல் போட்டுட்டியாடா" என்பார்கள், பெண் பார்க்கப் போன இடத்தில் வாய் விட்டவனையும் அதே கேள்வி. அவன் காதுபடவே சொல்வார்கள். அவன் சுண்ணாம்புத் தூள் கையோடு சிரிப்பான். மூன்று வருஷம் முன்னால் ஒருநாள் துணிந்து போனேன், கோடு போட்டுக்கொண்டிருந்தான், நான் கூடவே குனிந்து நடந்துகொண்டே சொன்னேன், கோச்சு, அன்னிக்கு ஃபைனல்ல அது என் கைதான். அவன் நிமிரக்கூட இல்லை. "எது? ஓ, அதுவா. என் கைதான்டா பட்டுச்சு. நீ வேற. கோட்டை மிதிக்காத." அவ்வளவுதான். எனக்காக இன்னமும் பொய் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வரவர அந்தப் பெருந்தன்மை மேலேயே எனக்கு ஆத்திரம். அடித்திருக்கலாம் அவன். வேலை என்னுடையதடா, கொடுடா என்று கேட்டிருக்கலாம். கேட்கிறவனுக்கு ஏதாவது பதில் சொல்லலாம். கேட்காதவனை என்ன செய்வது?... வருஷத்துக்கு ஆறு தடவை சிதம்பரம் போனவன் பிறகு ஒரு தடவை போனேன், பிறகு அதுவும் இல்லை.

பரங்கிப்பேட்டையில் மீன்காரம்மாக்கள் நாலு பேர் கூடையோடு ஏறினார்கள், பெட்டி முழுக்க ஈரம். "காலை எடு தம்பி, கூடை வைக்கணும்." எடுத்தேன். கூடையை என் முழங்காலோடு இடித்து வைத்த அம்மாளுக்கு நெற்றி நிறைய விபூதி, கண் என் கையில் இருந்த காகிதத்தின் மேல். "கோர்ட்டு காயிதமா? அப்புடி மொறைச்சிப் பாக்குற?" இல்லை, சாவு விஷயமாகப் போகிறேன் என்றேன். "யாரு?" கிள்ளை பக்கிரி. "அட, பந்து போடுற பக்கிரியா! செல்லாயி, இந்தா பாரு, நம்ம பக்கிரிக்குத்தான் போறாராம்." செல்லாயி என்பவள் வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளினாள். "பாவம்யா. நாலு பொட்டைக்கு அப்புறம் நாகூருல வேண்டிக்கிட்டுப் பெத்தா அவுங்க ஆத்தா, அதான் பக்கிரின்னு பேரு வச்சா. நல்ல புள்ள. கோவந்தான் ஜாஸ்தி. கோவத்துல யாரையோ அடிச்சி மெட்ராசு உத்தியோகத்தையே தொலைச்சிட்டானாமே?" மற்றவள், "அது சின்னதுலயே அப்புடித்தான் இருந்திருக்கும்" என்றாள், இருந்தது என்றுகூடச் சொல்லவில்லை, இருந்திருக்கும் என்கிறாள், அதுவே போதும் அவளுக்கு. பந்தைக் கண்ணால் பார்த்திராத மீன்கூடை வரைக்கும் போயிருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் ஏறியது, தடதடவென்று சத்தம், சொன்னாலும் கேட்காது என்று வாயை மூடிக்கொண்டேன். பாலம் முடிந்த பிறகும் மூடித்தான் இருந்தது. பார்த்தாயா, இதுதான் நீ, எப்போதும் ஒரு வேப்பமரமோ ஒரு பாலமோ உனக்குக் கிடைத்துவிடுகிறது.

கிள்ளையில் அவர்கள் இறங்கும்போது செல்லாயி கூடையைத் தலைக்கு ஏற்றக் கைகொடுத்தேன். "மவராசனா இரு." இருக்கிறேன். கம்பெனியின் கடலூர் துறைமுக ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே டைப் அடிக்கிறேன், முழங்கால் போய் நாலு வருஷமாகிறது, ஆட்டம் நின்றுவிட்டது, வேலை நிற்கவில்லை. அதுதான் கணக்கு... சரி, பின்பக்கத்தைப் படித்தால் என்ன ஆகும்? கம்பெனி வேலையை எடுக்காது, ஏழு வருஷத்துக்கு முந்திய ஃபவுலுக்கு யார் எடுப்பார்கள். சுப்புராயன் முகத்தில் காறித் துப்பலாம். பசங்கள் சிரிக்கலாம். அண்ணி... அண்ணி என்ன செய்வாள் என்பதுதான் தெரியவில்லை. கோபக்காரன் பெண்டாட்டி, கைக்கு வந்த சோற்றைத் தட்டிவிட்டவன் பெண்டாட்டி என்று ஏழு வருஷம் கேட்டவள். அந்தப் பெயரை நான் ஒரு வரியில் எடுத்துவிட முடியும். எடுத்தால் என் பெயர் போகும். முடிவு செய்துவிட்டேன். படிக்கிறேன். சிதம்பரம் ஸ்டேஷனில் கால் வைத்தபோது படிக்கிறேன் என்றுதான் இருந்தேன், குதிரை வண்டியில் மைதானத்துக்குப் போகிறபோது பார்க்கலாம் என்று ஆகிவிட்டது.

மைதானத்தில் சுப்புராயன் சோடாக் கடையிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தான், இப்போது அவன்தான் கிளப் செக்ரடரி, தொப்பை வேறு போட்டுவிட்டது. "வா மச்சான், கம்பெனிக்காரரே, எளைச்சிட்ட. பேசிட்டு ஸ்கோர் டேபிள்ல வந்து ஒக்காரு, எனக்குக் கண்ணு சரியில்ல." கோடு போட்டிருந்தார்கள், வளைந்து வளைந்து போயிருந்தது, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பழக்கதோஷத்தில் ஒரு கிழவர், "எவன்டா பொய்யன்?" என்றார், சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. மேஜைமேல் படம். படத்துக்குப் பக்கத்தில் நாற்காலியில் ராசம்மா அண்ணி. பதினேழாம் நாளே வெளியே வந்துவிட்டாளே என்று பின்னால் யாரோ முணுமுணுப்பது எனக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டிருக்கும், அசையவில்லை. நான் போய் நின்றேன். வாங்க தம்பி என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "இன்னிக்காவது வேற மாதிரி பேசுறாங்களான்னு பாக்கத்தான் வந்தேன். நீங்க கிட்ட இருந்தவரு. ஒன்னே ஒன்னு சொல்லுங்க. கோவத்துலதான் அடிச்சாரா?"

"கோவமே இல்ல அண்ணி."

"அவரும் அதத்தான் சொல்லுவாரு. கை பட்டுச்சு, தூக்குனேன், அவ்ளோதான் ராசம்மான்னு. சண்டை வரும்போதெல்லாம் கேப்பேன், அதே பதிலு. நான் நம்பல தம்பி. ஒருத்தரு ஒன்னையே திருப்பித் திருப்பிச் சொன்னா பொய்யினுதான தோணுது."

அதற்குள் சுப்புராயன் கூப்பிட்டுவிட்டான். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன், நினைத்ததற்காக என்னையே அறையத் தோன்றியது, அந்த வேகத்தில்தான் போனேன் என்று நினைக்கிறேன், முன்பக்கத்தைப் படித்தேன், ஒழுக்கம், உழைப்பு, பதினாலு வரியும் படித்தேன், பசங்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள், காகிதத்தைத் திருப்பினேன். மஞ்சக்குப்பம் ஃபைனலில் நடந்த அந்த ஐந்தாவது ஃபவுல் பக்கிரியுடையது அல்ல, என்னுடையது. படித்துவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் சைக்கிள் மணி ஒன்று. சரி, இப்போது துப்புவார்கள்... யாரோ ஒருத்தன் கை தட்டினான். அப்புறம் பத்துப் பேர். அப்புறம் எல்லோரும், கிழவர் உட்பட. சுப்புராயன் ஓடி வந்து தொப்பையோடு என்னைக் கட்டிக்கொண்டான், அழுகிறான், "செத்தவனுக்காக அந்த பவுலையே ஒன் பேருல எடுத்துக்கிட்டியே மச்சான்! பாத்துக்கங்கடா பசங்களா, கோச்சு கத்துக்குடுத்த கை இதான்டா!" இல்லை சுப்புராயா, நிஜமாகவே என்னுடையது, என்றேன். "தெரியுண்டா, தெரியுண்டா" என்று முதுகைத் தட்டுகிறான். நிஜமாகத்தான் சொல்கிறேன் என்றேன். தட்டல் இன்னும் பலமாகிறது. மூன்றாவது தடவை சொன்னால் மாலையே போட்டுவிடுவார்கள். உண்மையைச் சொன்னேன், ஒருத்தன் நம்பவில்லை, அதுமட்டுமா, இன்னொரு தடவை ஜெயித்துவிட்டேன், மறுபடி அவனுடைய ஃபவுலில். அண்ணி மட்டும் தட்டவில்லை. மடியில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா பேசுனீங்க தம்பி." அவ்வளவுதான் சொன்னாள், அதில் என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை.

மேட்ச் ஆரம்பித்தது. ஸ்கோர் ஷீட், சீவிய பென்சில் இரண்டு, பக்கத்தில் சுப்புராயன், அந்தப் பக்கம் படம். குழுப் போட்டோவிலிருந்து வெட்டிப் பெரிசாக்கிய படம், முகம் கொஞ்சம் கலங்கியிருக்கிறது, சட்டத்தின் ஒரு மூலையில் கறுப்பாக என்னவோ சுற்றியிருக்கிறதே என்று பார்த்தேன். கயிறு. நாகூர்க் கயிறு, பக்கிரியின் வலது மணிக்கட்டில் எப்போதும் இருக்கும், குளிக்கும்போதுகூட அவிழ்க்க மாட்டான், எடுப்பதற்கு முன் அண்ணிதான் அவிழ்த்து இதில் கட்டியிருக்க வேண்டும். ஆயிரம் தடவை பார்த்த கயிறு. பந்து வாங்கும்போது பார்த்திருக்கிறேன், பிரியாணிக்குப் பந்தயம் கட்டிக் கை கொடுத்தபோது பார்த்திருக்கிறேன்... நடுவில் முடிச்சு. கையை நீட்டித் தொட்டேன். விரல் நுனியில் அதே முடிச்சு. அதே முடிச்சா? எல்லா முடிச்சும் இப்படித்தானே இருக்கும். அன்றைக்கு என் விரலில் பட்டது ஒரு மணிக்கட்டு, அதில் ஒரு கயிறு, அது ஒன்பதாம் நம்பர் என்று நானாகத்தானே வைத்துக்கொண்டேன்? ஆறு கை இருந்த இடம் அது. அப்படியானால் பக்கிரியின் கை எங்கே இருந்தது, என் விரலுக்குக் கீழேயா, ஒன்பதாம் நம்பரின் மேலேயா... என் கைதான்டா பட்டுச்சு, நீ வேற. சுண்ணாம்புத் தூளோடு நிமிராமல் சொன்னானே. பெண்டாட்டியிடமும் அதையே சொன்னானே. ஒருத்தன் நம்பவில்லை. இப்போது நான் சொன்ன மாதிரியே சொல்லியிருக்கிறான், எனக்கு நடந்த மாதிரியே நடந்திருக்கிறது. அவன் உண்மையைத்தான் சொல்லியிருந்தால்?... அப்படியானால் ஏழு வருஷமாக நான் யாருக்குக் கடன்பட்டவன்? யாருக்கும் இல்லையா? அது நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை.

"சுப்புராயா, அன்னிக்கு கடலூர் டீமுல அந்த ஒன்பதாம் நம்பர், அவன் கையில கயிறு கட்டியிருந்தானா?"

"எவன், பம்பாய் போனானே அவனா? ஏழு வருசம் கழிச்சி கேக்கிறியே மச்சான். நான் ரெப்ரி வெரலப் பாப்பனா, அவன் கையப் பாப்பனா?"

அன்றைக்கு மேட்ச் முடிந்து அந்த ஒன்பதாம் நம்பரோடு கைகுலுக்கினேன், அது நினைவிருக்கிறது. உள்ளங்கை ஈரம் நினைவிருக்கிறது. மணிக்கட்டு இல்லை. எவ்வளவு இழுத்தாலும் மணிக்கட்டு வரவில்லை, வருகிறபோது பக்கிரியின் மணிக்கட்டாக வருகிறது. ஒன்று மட்டும் நிச்சயம், என் கை இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது, பட்டது என்று அப்போது நம்பினேன், நம்பியும் தூக்கவில்லை, இதற்கு ரெஃப்ரி எந்த விரலும் காட்டமாட்டார், சுப்புராயன் எழுத இந்த ஷீட்டில் கட்டமும் கிடையாது... விசில். கூடைக்குக் கீழே மூன்று பேர் சிக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ரெஃப்ரி அவர்களைப் பார்க்கிறார். ஒரு கை மேலே போனது, உடனே இன்னொரு கையும் போனது, இரண்டு பேரும் எங்கள் கிளப் பசங்கள், இரண்டு பேரும் மேஜையைப் பார்த்து நிற்கிறார்கள், கையை இறக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சிரிக்கிறார்கள். "யாருன்னு ரெப்ரி சொல்லட்டும், நீ எழுது" என்றான் சுப்புராயன். பென்சிலை எடுத்தேன். அண்ணி முன்னால் குனிந்து அந்த இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.